புளியங்கொட்டையில் போக்கர்

2024 பொங்கலுக்கு வந்த என் தங்கச்சி மகன், காணும் பொங்கல் முடிஞ்சும் பெங்களூருக்குத் திரும்பவில்லை. கம்பெனியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள் என்றான். அப்படியென்றால் தாராபுரம் பக்கம் இருக்கும் அவன் அம்மா வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாமே, மாமன் சாளைக்கு எதுக்கு வந்தான் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. தாய்மாமன் வீட்டுக்கு வந்த பையனிடம் எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்பது எங்க காங்கயம் பக்கம் வழக்கமில்லை. (சாளை என்றால் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிற வீடு. டவுன்ல இருக்கறவங்க இதை ஃபார்ம் ஹவுஸ் என்று நினைத்துக்கொண்டு வந்து கட்டுத்தரை வாசத்தில் மூக்கைப் பிடிப்பார்கள்.)

அந்த மாசம் எங்களுக்கு மும்முனை கரண்ட் ராத்திரியில்தான். ஒன்றரை மணிக்கு மோட்டார் போட எந்திரித்துப் போனால் திண்ணையில் வெளிச்சம். போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு பையன் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறான். "கால் பண்ணு... பண்ணித் தொலையேன்... ஒரு கால் பண்ணு." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி, ஏதோ ஒரு பொண்ணு பேச மாட்டேங்குது போல, அதுதான் பையன் இங்கே வந்து பதுங்கியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். காலையில் வீட்டுக்காரம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் ரெண்டு நாளாக அவனுக்கு நெய் கூடுதலாக ஊற்றினாள்.

மூணாவது நாள் ராத்திரி மறுபடி அதே வார்த்தை. கூடவே "ரெய்ஸா? போடா டேய்" என்று ஒரு வசவு. பொண்ணுகிட்ட பேசுகிற பேச்சா இது? கிட்டே போய் எட்டிப் பார்த்தேன். பச்சை மேசை, சுற்றி ஆறு பொம்மை, நடுவில் சீட்டு.

"என்றா இது?"

"போக்கருங்க மாமா. சூதாட்டமெல்லாம் இல்லீங்க. மூளை விளையாட்டு. கோர்ட்டே சொல்லிருச்சுங்க."

எங்க சாளையில் நாற்பது வருசத்துக்கு மேலாகச் சீட்டுக்கட்டு கிடையாது. அதற்கு ஒரு கதை இருக்கிறது, வருகிறேன்.

அவன் சொன்ன கோர்ட்டு விசயம் பொய்யில்லை. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்க நம்ம சட்டமன்றம் 2022ல் போட்ட சட்டம், 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதலோடு அமலுக்கு வந்தது. அந்த வருசமே நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், அவற்றைத் தடைப் பட்டியலில் வைத்தது செல்லாது என்று சொல்லிவிட்டது. ரம்மி திறமை ஆட்டம் என்பது பழைய பேச்சு. 1968லேயே ஆந்திரா வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னதுதான். அதே தீர்ப்பு மூணு சீட்டு மாதிரி ஆட்டங்களை முழுக்க அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட்டது.

எங்க ஐயன் ஆடியது மூணு சீட்டு.

நான் அஞ்சாவது படிக்கும்போது, ஒரு தேர்த் தாவணிக்கு (தாவணி என்றால் எங்க பக்கம் மாட்டுச் சந்தை) ஜோடிக் காளையை ஓட்டிக்கொண்டு போனார். நல்ல மயிலைக் காளைகள். மாட்டை விற்றாலும் கயிறைக் கொடுக்க மாட்டோம், கயிறு வீட்டுக்கு வந்துவிடும். ரெண்டு நாள் கழித்து ஐயன் கயிறோடு வந்தார். பணம் வரவில்லை. விட்டதைப் பிடிக்கிறேன் என்று அதற்கப்புறம் ஒரு வருசம் ஆடினார். கிழக்கால இருந்த ரெண்டு ஏக்கர் கொறங்காடு, கிளுவை வேலியோடு போய்ச் சேர்ந்தது. அம்மா சண்டை போடவில்லை. வீட்டில் இருந்த சீட்டுக்கட்டை எடுத்து அடுப்பில் வைத்தாள், அதிலேயே அன்றைக்குக் களி கிண்டினாள். அந்தக் காட்டில் இப்போது கோழிப்பண்ணை இருக்கிறது. தினமும் அந்த வழியாகத்தான் பால் ஊற்றப் போகிறேன்.

அதனால் பையனைத் திட்டிச் செல்போனைப் பிடுங்கியிருக்கலாம். அதுதான் செய்ய வேண்டியது என்று இதைப் படிக்கிற பாதிப் பேர் நினைப்பீர்கள். ஆனால் அவனுக்கு இருபத்து நாலு வயசு. பிடுங்கினால் இன்னொன்று வாங்குவான். அதுவுமில்லாமல் ஐயன் ஏன் எழுந்து வரவில்லை என்ற கேள்வி எனக்கு அஞ்சாவதிலிருந்தே இருக்கிறது. என்னதான் இருக்கிறது அதில்?

"எனக்குச் சொல்லிக் குடு" என்றேன்.

அவன் முழித்த முழி இருக்கிறதே.

காசு கிடையாது என்பது என் நிபந்தனை. காங்கயத்தில் ஒரு சீட்டுக்கட்டு வாங்கி, பால் கேனுக்குள் ஒளித்துக் கொண்டுவந்தேன். காசுக்குப் பதில் புளியங்கொட்டை. ஒரு கொட்டை ஒரு ரூபாய், ஒரு கொட்டமுத்து பத்து ரூபாய். (கொட்டமுத்து ஆமணக்கு விதைதான்.) ரெண்டு பேர் ஆடினால் சுவாரசியமில்லை என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணனைக் கூப்பிட்டோம். அவர் ஒரு காலத்தில் மூணு சீட்டில் பேர் வாங்கியவர். வீட்டுக்காரம்மா கதவு நிலையில் சாய்ந்து நின்று, "அத்தை இருந்திருந்தா உங்களையும் சேர்த்து அடுப்புல வெச்சிருப்பாங்க" என்றாள். ஆனால் போகவில்லை, நின்று பார்த்தாள்.

ஆட்டம் இதுதான். ஆளுக்கு ரெண்டு சீட்டு கவிழ்த்துப் போடுவார்கள், நீங்கள் மட்டும் பார்க்கலாம். அப்புறம் எல்லாருக்கும் பொதுவாக நடுவில் மூணு சீட்டு மல்லாக்கப் போடுவார்கள், அதுக்குப் பேர் ஃபிளாப். அடுத்து ஒண்ணு, டர்ன். கடைசியாக ஒண்ணு, ரிவர். கையில் ரெண்டு, நடுவில் அஞ்சு, இந்த ஏழில் நல்ல அஞ்சை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சுற்றுப் பணம் வைக்க வேண்டும். ஒருத்தர் வைத்ததற்குச் சமமாக வைத்தால் கால். ஏற்றி வைத்தால் ரெய்ஸ். வேண்டாமென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம், அது ஃபோல்டு. நாங்கள் அதைக் கவுக்கறது என்றே சொல்லிக்கொண்டோம்.

சீட்டைப் பார்ப்பதற்கு முன்னாலேயே ரெண்டு பேர் கட்டாயமாகக் கொஞ்சம் வைத்தாக வேண்டும் என்றான். ஒருத்தர் சின்னது, அடுத்தவர் பெரிசு. முறை சுற்றி வரும். அது எதுக்கு என்றேன். "இல்லைன்னா நல்ல சீட்டு வர்ற வரைக்கும் எல்லாரும் சும்மாவே உக்காந்திருப்பாங்க மாமா" என்றான். எனக்குச் சட்டென்று விளங்கியது. மழை வருமா வராதா என்று தெரிவதற்கு முன்னால் உழவுக் கூலியும் விதையும் போட்டாக வேண்டுமே, அந்தக் காசு.

வரிசையைச் சொன்னபோதுதான் அண்ணன் சண்டைக்கு வந்தார். ஒண்ணும் சேரவில்லையென்றால் பெரிய சீட்டு, அப்புறம் ஒரு ஜோடி, ரெண்டு ஜோடி, மூணும் ஒரே நம்பர், அதுக்கு மேல ரன் (அஞ்சு தொடர்ச்சி), அதுக்கு மேல கலர் (அஞ்சும் ஒரே சாதிச் சீட்டு), அப்புறம் ஃபுல் ஹவுஸ், நாலும் ஒரே நம்பர், கடைசியாக ஒரே கலரில் ரன். "என்னது, ரன்னைவிடக் கலர் பெரிசா? யாருகிட்ட கதை சொல்ற? முப்பது வருசம் ஆடியிருக்கறேன், ரன்னுதான் பெரிசு. நீ மாத்திச் சொல்ற."

பையன் சிரித்துக்கொண்டே என் பால் கணக்கு நோட்டைக் கேட்டான். பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான். 52 சீட்டில் அஞ்சு எடுத்தால் மொத்தம் 25,98,960 விதமாக எடுக்கலாம். அதில் ரன் 10,200, கலர் 5,108. கலர்தான் அபூர்வம், அதனால் கலர் பெரிசு. மூணு சீட்டில் மொத்தமே 22,100 விதம்தான். அங்கே ரன் 720, கலர் 1,096. அங்கே ரன்தான் அபூர்வம், அதனால் ரன் பெரிசு. அண்ணன் நோட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப ரெண்டும் சரிதான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "முப்பது வருசம் ஆடினேன், ஏன் ரன் பெரிசுன்னு ஒருத்தனும் கேட்டதில்ல, நானுங் கேக்கல" என்றார். அந்தப் பக்கம் இன்னும் என் பால் நோட்டில் இருக்கிறது.

முதல் நாலு ராத்திரி நான் கவுக்கவே இல்லை. ரெண்டு சீட்டு வந்தது, அடுத்து என்ன வருமென்று பார்க்காமல் எப்படி விடுவது? விதை போட்டாச்சு, முளைக்குதா என்று பார்க்க வேண்டாமா? புளியங்கொட்டையெல்லாம் பையன் பக்கம் போய்ச் சேர்ந்தது. "மாமா, நல்லா ஆடறவங்க பத்து ஆட்டத்துல ஏழெட்டை முதல்லயே கவுத்துருவாங்க" என்றான். அப்படியென்றால் ஆட்டமே ஆடாமல் இருப்பதுதான் ஆட்டமா? "ஆமாங்க மாமா. அதுதான் முதல் பாடம். கை சும்மா இருக்கணும்."

விவசாயி கிட்ட கை சும்மா இருக்கணும்னு சொன்னா எப்படி.

அஞ்சாவது நாள் எனக்கு ஜோடி ஏஸ் வந்தது. அதைவிட நல்ல சீட்டு கையில் வராது. 221 தடவைக்கு ஒரு தடவைதான் வரும் என்று அவனே சொல்லியிருந்தான். நெஞ்சு அடித்துக்கொண்டது. நம்ப மாட்டீர்கள், புளியங்கொட்டைக்கே நெஞ்சு அடிக்கிறது. இருந்த கொட்டமுத்து எல்லாவற்றையும் தள்ளினேன். அண்ணன் ஏழும் ஆறும் வைத்துக்கொண்டு கூடவே வந்தார். நடுவில் ஒரு ஏழு விழுந்தது, கடைசியில் ஒரு ஆறு விழுந்தது. ரெண்டு ஜோடி. போச்சு. எனக்கு வந்த கோபத்தில் அடுத்த மூணு ஆட்டம் சீட்டைப் பார்க்காமலேயே வைத்தேன். அதையும் தோற்றேன்.

"ஏஸ் ஜோடிக்கே எதிர்ல ஒரே ஒரு ஆள் இருந்தாலும் நூத்துக்கு எண்பத்தஞ்சுதாங்க மாமா. மீதிப் பதினஞ்சு தடவை தோக்கும். அது தப்பில்லீங்க. அதுக்கப்புறம் மூணு ஆட்டம் ஆடினீங்களே, அதுதான் தப்பு. அதுக்குப் பேரு டில்ட்டு. சூடேறிப் போறது."

ஐயன் ஒரு வருசம் சூடேறிப் போயிருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. அந்தப் பேர் தெரிந்திருந்தால் காடு மிஞ்சியிருக்குமா என்றால், தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுதான் என்னை உலுக்கியது. ஒரு ஆட்டத்தில் என் கையில் ரெண்டு ஸ்பேடு, நடுவில் ரெண்டு ஸ்பேடு. இன்னும் ஒண்ணு விழுந்தால் கலர். நாலாவது சீட்டில் விழவில்லை. பாக்கி ஒரே சீட்டு. நடுவில் அறுபது கொட்டை கிடந்தது, அண்ணன் இன்னொரு அறுபது வைத்தார். பையன் கணக்குச் சொன்னான். கட்டில் மிச்சமிருப்பது ஒன்பது ஸ்பேடு. ஒரு சீட்டுதான் பாக்கியென்றால் ஒன்பதை ரெண்டால் பெருக்கு, பதினெட்டு. ரெண்டு சீட்டு பாக்கியென்றால் நாலால் பெருக்கு. தோராயக் கணக்குதான், ஆனால் நிற்கும். ஆக நூற்றுக்குப் பதினெட்டு இருபதுதான் வாய்ப்பு. நான் அறுபது வைத்தால் கிடைக்கக்கூடியது நூற்றியிருபது. மூணில் ஒரு தடவையாவது ஜெயித்தால்தான் கட்டும். அஞ்சில் ஒரு தடவைகூட வராது என்கிறது கணக்கு. கவுத்துருங்க மாமா என்றான்.

நான் வைத்தேன். ஸ்பேடு விழுந்தது! நூற்றெண்பது கொட்டையையும் அள்ளி மடியில் போட்டேன். "பாத்தியாடா?"

"ஜெயிச்சுட்டீங்க. ஆனா தப்பா ஆடினீங்க."

ஜெயித்தவனைத் தப்பு என்று சொல்வதை நான் வாழ்க்கையில் முதல் தடவை கேட்டேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு வருசம் சின்ன வெங்காயத்தைப் பட்டத்துக்குப் பிந்திப் போட்டேன், போட நேரமில்லாமல். எல்லார் வெங்காயமும் மழையில் அழுகிப்போய், என்னுடையது மட்டும் தாமதமாக வந்து கிலோ எண்பது ரூபாய்க்குப் போனது. ஊரே என்னை விவரக்காரன் என்றது. நானும் நம்பினேன். அடுத்த மூணு வருசம் வேண்டுமென்றே பிந்திப் போட்டு, மூணு வருசமும் பட்டறை போட்ட வெங்காயத்தைப் பன்னிரண்டு ரூபாய்க்குக் கொடுத்தேன். தோற்ற வருசங்களில் என்ன தப்பு என்று யோசித்திருக்கிறேன். ஜெயித்த அந்த ஒரு வருசத்தை யோசித்ததேயில்லை.

இதற்கிடையில் பையன் கதைகளும் சொல்வான். அமெரிக்காவில் கணக்கெழுதுகிற வேலையிலிருந்த கிறிஸ் மணிமேக்கர் என்று ஒருத்தர், நூறு டாலர்கூட கட்டாமல் ஆன்லைன் போட்டி ஒன்றில் ஜெயித்து, அது வழியாக 2003ல் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போட்டிக்குப் போய் 25 லட்சம் டாலர் அடித்தாராம். பேரே மணிமேக்கர்தான், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவரைப் பார்த்துத்தான் உலகம் பூராவும் பையன்கள் செல்போனில் உட்கார்ந்தார்களாம்.

"மொத்தம் எத்தனை பேருடா ஆடினாங்க?"

"839 பேருங்க மாமா."

"மீதி 838 பேரு என்ன ஆனாங்க?"

அவன் பதில் சொல்லவில்லை. சீட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தான். அந்தக் கலைக்கிற சத்தத்தில்தான் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

அண்ணன் போன பிறகு, ரெண்டு பேர் மட்டும் இருக்கும்போது கேட்டேன். திறமை ஆட்டம் என்கிறாயே, சரி. உன்னைவிடத் திறமைக்காரன் எதிரில் இருந்தால்? உன் காசு அவனுக்குப் போகத்தானே செய்யும்? "போகுங்க." அந்த ஆறு பொம்மையில் யார் கெட்டிக்காரன் என்று உனக்குத் தெரியுமா? "சொல்ல முடியாதுங்க." யார் ஜெயித்தாலும் ஆப்காரனுக்கு? "ஒவ்வொரு ஆட்டத்துலயும் கொஞ்சம் எடுத்துக்குவாங்க, ரேக்குன்னு சொல்லுவாங்க." அது எனக்கு விளக்க வேண்டியதேயில்லை. தக்காளி நாலு ரூபாய்க்குப் போனாலும் நாற்பது ரூபாய்க்குப் போனாலும் மண்டிக்காரருக்குக் கமிஷன் உண்டு. மண்டியில் தோற்ற ஆளை நான் பார்த்ததில்லை.

"எவ்வளவு போச்சு?"

"மூணு எண்பதுங்க மாமா."

மூணு லட்சத்து எண்பதாயிரம். சம்பளத்தில் மிச்சம் பிடித்தது, லோன் ஆப்பில் வாங்கியது, கூட வேலை பார்க்கிறவன் கொடுத்தது. அதில் ஒன்றரை லட்சம், ஏதோ கோர்ஸ் படிக்கப் பணம் கட்ட வேண்டும் என்று அம்மாவிடம் வாங்கி அடகு வைத்த அஞ்சு பவுன் செயின். மச்சான் காலமாகி ஆறு வருசம். தங்கச்சிக்கு மிச்சமிருந்த நகையே அதுதான்.

வேலை இருக்கிறதா என்றேன். டிசம்பரிலேயே போய்விட்டது என்றான். ராத்திரி பூரா ஆடிவிட்டுப் பகலில் தூங்கினால் எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்.

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தியும்விட்டேன். "ஏண்டா, எனக்கு இத்தனை சொல்லிக் குடுக்கறயே, ஒன்பது, பதினெட்டு, மூணுல ஒண்ணுன்னு, உனக்கு அது தெரியாதா? அம்பதாயிரம் போனப்பவே ஏண்டா கவுக்கல?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "நீங்க ஏனுங்க மாமா அன்னைக்குக் கவுக்கல?"

எந்த அன்னைக்கு என்று நான் கேட்கவில்லை. தெரியும்.

2016ல் ஐப்பசி மழை பொய்த்துப் போனது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க வறட்சி என்று அரசாங்கமே அறிவித்தது. எனக்கு எண்பது தென்னை, மட்டை தொங்கிக்கொண்டு நின்றது. ஏற்கெனவே ரெண்டு போர் போட்டு ரெண்டும் ஓட்டை. மூணாவதுக்குத் திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கூப்பிட்டேன். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவர் அறுநூறு அடிக்குள் தண்ணி என்று சொல்லியிருந்தார். முழுப் பரீட்சை லீவுக்கு வந்திருந்த இந்தப் பையன்தான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றான்.

அறுநூறில் ஈர மண்கூட வரவில்லை. புகை. போர் ஓட்டிப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், தண்ணி இல்லாத போரிலிருந்து வெள்ளையாகப் பாறைப் பொடி பறக்கும், ஊர் பூரா தெரியும். ரிக்காரர் நிறுத்தட்டுங்களா என்றார். இன்னொரு நூறு விடுங்க என்றேன். எழுநூறு. புகை. பக்கத்துத் தோட்டத்தில் எழுநூற்று நாற்பதில் கிடைத்தது, அதையாவது தாண்டட்டும். எண்ணூறு. ஆழம் போகப் போக அடிக்கு இவ்வளவு என்ற கூலியும் ஏறிக்கொண்டே போகும். தொள்ளாயிரத்தில் ரிக்காரரே, "வேண்டாங்க, விட்டுருங்க, பாறை மாறவே இல்ல" என்றார். அவருக்கு ஓட்டினால் காசு, அவரே வேண்டாம் என்கிறார். இவ்வளவு போட்டாச்சு, இப்போ நிறுத்தினால் போட்டது வீணாகப் போகுமே என்று நான் சொன்னேன். ஆயிரத்து நூற்றியிருபதில் நிறுத்தினோம். விடிந்துவிட்டது. தென்னை மேலெல்லாம் பொடி.

மூணு போரும் சேர்த்து மூணரை லட்சம். எங்க வீட்டுக்காரம்மாவின் வளையலும் அப்படிப் போனதுதான்.

"அன்னைக்கு நீங்க சொன்னதையேதாங்க மாமா நானும் சொல்லிக்கிட்டேன். இவ்வளவு போட்டாச்சுன்னு."

ரெண்டும் ஒன்றில்லை என்று அவனிடம் வாதாடினேன். நான் பயிருக்குச் செய்தேன், நீ பேராசைக்குச் செய்தாய். போர் ஓட்டையானாலும் என் நிலம் இருக்கிறது. எதிரில் உட்கார்ந்து எவனும் என்னை ஏமாற்றவில்லை. இதெல்லாம் உண்மைதான், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் தொள்ளாயிரம் அடியில் நான் பயிரை நினைக்கவில்லை. விட்டதைத்தான் நினைத்தேன். அது எனக்கும் தெரியும், டார்ச் பிடித்தவனுக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் அவனை வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். நீதான் சொல்ல வேண்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். தங்கச்சி மாட்டுக்குத் தீவனம் கலக்கிக்கொண்டிருந்தாள். அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் கலக்குவதை நிறுத்தவில்லை. அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஐயனாட்டவேங்களாண்ணா?"

ஐயன் கயிறோடு வந்த அன்றைக்கு அவளுக்கு ஆறு வயசு. ஞாபகம் இருக்காது என்று நினைத்திருந்தேன்.

ரெண்டு கிடாரியை விற்று, கையிலிருந்ததையும் போட்டு, செயினை மட்டும் நான் மீட்டுக் கொடுத்தேன். மீதியை அவனேதான் அடைக்கிறான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான், பெங்களூர்ச் சம்பளத்தில் பாதிகூட இல்லை. மாசம் அஞ்சாம் தேதி எனக்கு மூவாயிரம் அனுப்புவான். ரெண்டு மாசம் வரவில்லை. அந்த ரெண்டு மாசமும் நான் என்ன நினைத்தேன் என்று எழுத வேண்டியதில்லை. கேட்டதற்குக் காய்ச்சல் என்றான். இருக்கலாம்.

2025 ஆகஸ்டில் டெல்லியில் சட்டம் போட்டார்கள், திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, காசு வைத்து ஆன்லைனில் ஆடுவது மொத்தமும் தடை. ஆப்புகள் காசு ஆட்டத்தை நிறுத்தின. அதைக் கேள்விப்பட்டதும் பையனுக்கு போன் போட்டேன். "ஆமாங்க மாமா, எல்லாம் மூடிட்டாங்க" என்றான். குரலில் சந்தோசமா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. சட்டம் வந்தது நல்லது என்றுதான் சொல்வேன். ஐயன் காலத்திலும் சட்டம் இருந்தது, தாவணியில் கித்தான் கட்டி உள்ளே உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

தீபாவளிக்கு வந்திருந்தான். அண்ணன்தான், "எங்கடா, கொட்டையை எடு" என்று ஆரம்பித்தார். நான் வேண்டாமென்று சொல்லப் பார்த்தேன். பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "புளியங்கொட்டைதானுங்க மாமா" என்றான். ஒரு மணி நேரம் ஆடினோம். நான் பதினேழு ஆட்டம் கவுத்தேன், எண்ணினேன். வீட்டுக்காரம்மாவும் உட்கார்ந்தாள். நின்று பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள், எங்க மூணு பேர் கொட்டமுத்தையும் அவள்தான் வாரிக்கொண்டு போனாள். பையன் சிரித்துக்கொண்டேதான் தோற்றான். அவன் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிச் சீட்டு விழும்போது பெருவிரல் துடிக்கிறது, செல்போனைத் தட்டுகிற மாதிரி.

இந்த வருசம் எங்க பக்கம் மழை சரியில்லை. கிணத்தில் ரெண்டு ஆள் மட்டத்துக்குத்தான் தண்ணி நிற்கிறது. வடக்கு மூலையில் வேப்ப மரத்துக்குப் பக்கம் நல்ல ஓட்டம் இருக்கிறது, முந்நூற்றைம்பதிலேயே கிடைக்கும் என்று நீரோட்டம் பார்க்கிறவர் சந்தையில் வைத்துச் சொன்னார். பழைய ஆள் இல்லை, இவர் வேற ஆள். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். வர வேண்டாமென்று சொல்லிவிடு என்று வீட்டுக்காரம்மா தினமும் சொல்கிறாள். இன்றைக்குப் புதன். இன்னும் போன் பண்ணவில்லை.